பிக்கப் வண்டியின் டிரெய்லர் வயரிங்கும் மின்சார பிரேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரெய்லர் இழுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். வட அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில் வரும் 12 வோல்ட் அமைப்பையும், ஏழு பின் கொண்ட பிளக்கையும், டிரம் வகை மின்சார பிரேக்கையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கொடுத்திருக்கிறேன்.

பலர் முதல் வேலையாகப் புதிய பிரேக் கன்ட்ரோலரை, அதாவது டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்சாரத்தை அளந்து அனுப்பும் கருவியை, வாங்கிவிடுகிறார்கள். அதை மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்; கடைசியில் பார்த்தால் களிம்பேறிய ஓர் எர்த் இணைப்பு. ஆகவே எதையும் வாங்குமுன் சோதியுங்கள். அதுவும் மின்சுமை கொடுத்துச் சோதியுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

பிளக்கில் ஏழு பின் இருக்கிறது. எது எதற்கு?

பின்விளக்கு, இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், மின்சார பிரேக், எர்த், பேட்டரி சார்ஜுக்கான 12 வோல்ட், ரிவர்ஸ் விளக்கு. நடுவில் இருக்கும் உருண்டைப் பின் பொதுவாக ரிவர்ஸ் விளக்குக்கு. மற்ற ஆறும் தட்டையானவை. இந்த இணைப்புக்கான எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) தரநிலை ஜே2863.

பிரேக் விளக்குக்குத் தனிப் பின் எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. இந்த அமைப்பில் இண்டிகேட்டரும் பிரேக் விளக்கும் ஒரே வயரில் வருகின்றன. பிரேக்கை மிதித்தால் இடது, வலது இரண்டு வயர்களிலும் தொடர்ந்து மின்சாரம் வரும். இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்கத்து வயரில் மட்டும் விட்டுவிட்டு மின்சாரம் வரும். நீல வயரில் வருவது பிரேக்குக்கான மின்சாரம். விளக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

வயரின் நிறத்தைப் பார்த்து இணைத்துவிடலாமா?

கூடாது. புழக்கத்தில் இரண்டு நிற வழக்கங்கள் இருக்கின்றன. சாதாரணச் சரக்கு டிரெய்லர்களில் பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. தங்கும் வசதியுள்ள ஆர்.வி. டிரெய்லர்களின் வழக்கத்தில் பச்சை பின்விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது, மஞ்சள் ரிவர்ஸ். வெள்ளை எர்த், நீலம் பிரேக், கறுப்பு 12 வோல்ட் என்ற மூன்றும் இரண்டிலும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இரண்டையும் கலந்து நிறத்துக்கு நிறம் இணைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முகப்பு விளக்கைப் போட்டதும் டிரெய்லரின் வலது இண்டிகேட்டர் அணையாமல் எரியும். வலது இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் மினுக்கும். இடது இண்டிகேட்டருக்கு ரிவர்ஸ் விளக்கு எரியும். இப்படி விளக்குகள் இடம் மாறி எரிந்தால் எங்கோ இந்த இரண்டு வழக்கங்களும் கலந்திருக்கின்றன என்று பொருள். வண்டியில் ஒவ்வொன்றாக இயக்கி, எந்தப் பின்னில் மின்சாரம் வருகிறது என்று சோதனை விளக்கால் பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் நம்பகமான வழி. முன்பு யாரோ எந்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

என் வண்டியில் நாலு பின் பிளக்தான் இருக்கிறது. அடாப்டர் போட்டால் ஏழு பின் ஆகிவிடாதா?

உருவத்தில் ஆகிவிடும், பிரேக் வராது. நாலு பின்னில் எர்த், பின்விளக்கு, இடது, வலது மட்டுமே உள்ளன. பிரேக்குக்கான வயர் வண்டியிலிருந்தே வராதபோது அடாப்டர் அதை உண்டாக்க முடியாது. பிரேக் கன்ட்ரோலர் ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து பின்புறம் வரை தடித்த நீல வயரை இழுக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் வேண்டுமானால் அதற்கும் தனி வயர், தனி ஃபியூஸ்.

மின்சார பிரேக் உண்மையில் எப்படிப் பிடிக்கிறது?

ஒவ்வொரு சக்கரத்தின் டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். டிரம் அதைத் தன்னோடு இழுத்துச் செல்ல, காந்தத்தோடு சேர்ந்த நெம்புகோல் திரும்பி, பிரேக் ஷூக்களை வெளிப்புறம் தள்ளும். எவ்வளவு மின்சாரமோ அவ்வளவு பிடிப்பு.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. ஒன்று, காந்தத்துக்கு வரும் மின்னோட்டம் குறைந்தால் பிடிப்பும் குறையும். ஆகவே வயரிங்கில் ஏற்படும் சிறிய இழப்புகூட நிறுத்தும் தூரத்தில் தெரியும். இரண்டு, டிரம் சுழன்றால்தான் ஷூ விரியும். நிற்கும் வண்டியில் காந்தம் ரீங்காரமிடும், ஆனால் பிடிப்பை உணர முடியாது. காந்தச் சுருளுக்கு நேர், எதிர் என்ற பேதம் இல்லை; இரண்டு வயரில் எது எர்த்துக்குப் போனாலும் வேலை செய்யும்.

சோதிக்க என்னென்ன வேண்டும்?

மல்டிமீட்டர் ஒன்று. பழைய 55 வாட் முகப்பு விளக்கு பல்பு ஒன்று. அதற்கு இரண்டு வயர்களும் முனையில் கவ்விகளும் பொருத்திக்கொள்ளுங்கள். நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் மிக நல்லது. பிரேக் விஷயத்தில் அதுதான் மிகவும் கைகொடுக்கும் கருவி. கம்பித் தூரிகை, மின் இணைப்புகளைத் துடைக்கும் ஸ்பிரே, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்கக் கட்டைகள். கட்டை வைக்காமல் டிரெய்லருக்கு அடியில் போகாதீர்கள்.

கோளாறு வண்டியிலா டிரெய்லரிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளக்கைக் கழற்றுங்கள். அமைப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. இனி ஒவ்வொரு பாதியையும் தனியே சோதிக்கலாம். வண்டிப் பக்கத்துச் சாக்கெட்டில், 55 வாட் பல்பின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையை மற்ற பின்களில் ஒவ்வொன்றிலும் வைத்து, அதற்குரியதை இயக்கிப் பாருங்கள். பின்விளக்கு, இடது, வலது, ரிவர்ஸ், 12 வோல்ட் எல்லாவற்றிலும் பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்த வயர்களைப் பொறுத்தவரை வண்டியில் குறையில்லை. பிரேக் பின்னுக்குக் கன்ட்ரோலரின் கைப்பிடியை (மிதியைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்குவது) முழுதும் தள்ளிச் சோதியுங்கள். தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட சில கன்ட்ரோலர்கள் டிரெய்லர் இணைந்திருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரம் கொடுக்கும்; அவற்றில் பல்பு எரியாமல் போகலாம். அப்போது டிரெய்லரை இணைத்து, அதன் முன்பகுதியில் இருக்கும் இணைப்புப் பெட்டியில் அளந்து பாருங்கள்.

டிரெய்லர் பக்கத்தைச் சோதிக்க, தனியான 12 வோல்ட் பேட்டரி ஒன்றின் எதிர்முனையை டிரெய்லர் பிளக்கின் எர்த் பின்னில் இணையுங்கள். நேர்முனையை 20 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள வயர் வழியாக மற்ற பின்களில் தொட்டுப் பாருங்கள். மூன்று ஆக்சில் டிரெய்லரின் பிரேக் பின்னுக்கு மட்டும் 30 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். எது எரியவில்லையோ அதன் வழியைத் தொடருங்கள். பிரேக் பின்னைத் தொடும்போது சக்கரத்தின் அருகே மெல்லிய ஒலி கேட்கும். திசைகாட்டி ஒன்றைச் சக்கரத்தின் அருகே பிடித்தால், காந்தம் உயிர்பெறும்போது முள் திரும்புவதையும் காணலாம். சக்கரத்தைக் கழற்றாமல் எந்தக் காந்தம் செத்திருக்கிறது என்று அறிய இது எளிய வழி.

இடது இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்குகளும் சேர்ந்து மங்கலாக மினுக்குகின்றன. ஏன்?

எர்த் போய்விட்டது. இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் நான் தயங்காமல் பதில் சொல்வேன். டிரெய்லர் பல்புக்குள் இரண்டு இழைகள்: ஒன்று பின்விளக்குக்கு, மற்றொன்று இண்டிகேட்டருக்கும் பிரேக் விளக்குக்கும். இரண்டுக்கும் எர்த் பொது. அந்த எர்த் அறுந்தால், இடது வயரில் வரும் மின்சாரம் ஓர் இழையைக் கடந்து, வெளியேற வழியின்றி மற்ற இழை வழியாகப் பின்விளக்கு வயருக்குள் புகுந்து, மற்ற விளக்குகள் வழியாக எர்த்தைத் தேடிப் போகும். வழியில் உள்ள எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எரியும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: பிளக்கின் வெள்ளை வயர், அது டிரெய்லர் சட்டத்தில் திருகப்பட்ட இடம், வண்டிச் சாக்கெட்டின் வெள்ளை வயர் சேசிஸில் சேரும் இடம். திருகைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போய் வெறும் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புதிய முனை போட்டு இறுக்கி, மேலே கிரீஸோ பெயிண்டோ பூசுங்கள். பெயிண்டுக்கு மேலேயே திருகிவிட்டால் அது திருகின் மரை வழியாக மட்டுமே தொடும். சில மாதங்களில் துரு அதையும் தின்றுவிடும்.

ஹிட்ச் உருண்டை இரும்பு, டிரெய்லரும் இரும்பு. அதன் வழியாகவே எர்த் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் நம்ப முடியாது. டிரெய்லரை மாட்டும் அந்த உருண்டையில் கிரீஸ் இருக்கிறது. அதைப் பிடிக்கும் டிரெய்லர் கவ்வியில் பெயிண்ட் இருக்கிறது. ஓடும்போது இரண்டும் அசைந்துகொண்டே இருக்கின்றன. நான்கு காந்தங்கள் இருந்தால் திரும்பிவர வேண்டிய மின்னோட்டம் 12 ஆம்பியருக்கு மேல். குலுக்கலுக்குக் குலுக்கல் பிடிப்பு மாறும் பிரேக்கை யாரும் விரும்பமாட்டார்கள். வெள்ளை வயர் முழுமையாக இருக்க வேண்டும். நீல வயர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன் அதற்கும் வேண்டும்.

விளக்குகள் எல்லாம் சரியாக எரிகின்றன. பிரேக் மட்டும் இல்லை. எங்கே தொடங்குவது?

பிரேக் மிதியிலிருந்து பின்னோக்கி வராமல், கன்ட்ரோலரின் நான்கு வயர்களிலிருந்து தொடங்குங்கள். கறுப்பில் பேட்டரியிலிருந்து 12 வோல்ட், வெள்ளையில் எர்த், சிவப்பில் மிதியை அழுத்தும்போது பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து வரும் குறிப்பு, நீலத்தில் டிரெய்லருக்குப் போகும் மின்சாரம். கன்ட்ரோலர் தயாரிப்பாளருக்கேற்ப நிறம் மாறலாம். வேலை இந்த நான்குதான். கறுப்பில் மின்சாரம் இல்லையென்றால் பேட்டரி அருகே உள்ள ஃபியூஸ் அல்லது தானாக மீளும் சர்க்யூட் பிரேக்கரைப் பாருங்கள். கைப்பிடியைத் தள்ளினால் பிரேக் பிடித்து, மிதியை மிதித்தால் பிடிக்கவில்லை என்றால் சிவப்பு வயரைச் சந்தேகியுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. வண்டி வேகம் குறைவதை உணர்ந்து அதற்கேற்ப மின்சாரம் கொடுக்கும் வகைக் கன்ட்ரோலர்கள், வண்டி நிற்கும்போது மிதியை எவ்வளவு அழுத்தினாலும் மிகக் குறைவாகவே கொடுக்கும். அது கோளாறல்ல, அவற்றின் இயல்பு. நின்ற இடத்தில் சோதிப்பவர்கள் கெயினை (டிரெய்லர் பிரேக்குக்கு எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று கன்ட்ரோலரில் அமைக்கும் அளவு) உச்சத்தில் வைத்து, எப்போதும் கைப்பிடியையே பயன்படுத்துங்கள். சோதனை முடிந்ததும் கெயினைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர மறக்காதீர்கள்.

நீல வயரில் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லையே?

மல்டிமீட்டர் வோல்ட்டை அளக்கும்போது ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றுமட்டும் மிஞ்சியிருந்தாலும், களிம்பு மூடிய பின் ஓர் ஊசிமுனை அளவுக்குத் தொட்டாலும் அது 12 வோல்ட் என்றே காட்டும். உண்மையில் சுமை வந்து 12 ஆம்பியர் பாய வேண்டியபோது அந்த ஊசிமுனை தாங்காது, வோல்ட் சரிந்துவிடும்.

இதற்காகத்தான் 55 வாட் பல்பை வாங்கி வைக்கச் சொன்னேன். அது சுமார் 4.5 ஆம்பியர் எடுக்கும், ஒரு காந்தம் எடுப்பதைவிடச் சற்று அதிகம். அது பளிச்சென்று எரிந்தால் வயரில் வலு இருக்கிறது. மீட்டர் 12 காட்டியும் பல்பு மங்கினால், நீங்கள் தேடும் இடம் வண்டிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. இன்னொரு குறிப்பு: கன்ட்ரோலர்கள் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பித்தான் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. ஆகவே பாதி அளவில் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். கெயின் உச்சத்தில், கைப்பிடி முழுதும் தள்ளப்பட்ட நிலையில் மட்டும் அளங்கள்.

காந்தங்கள் நன்றாக இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

மின்னோட்டத்தை அளப்பது முதல் வழி. வழக்கமான 10 அங்குல, 12 அங்குல பிரேக்குகளில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் எடுக்கும். கைப்பிடியை முழுதும் தள்ளி, டிரெய்லரின் நீல வயரில் கிளாம்ப் மீட்டரைக் கவ்வுங்கள். ஓர் ஆக்சிலுக்குச் சுமார் 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 18 ஆம்பியர் வர வேண்டும். இரண்டு ஆக்சில் டிரெய்லரில் 9 வந்தால் ஒரு காந்தத்துக்கு மின்சாரம் போகவில்லை. 6 வந்தால் ஓர் ஆக்சில் முழுதும் துண்டாகியிருக்கலாம். எல்லாமே சற்றுக் குறைவாக, உதாரணமாக 10 என்று வந்தால், காந்தங்களை விட்டுவிட்டு வயரையும் எர்த்தையும் பாருங்கள்.

கிளாம்ப் மீட்டர் இல்லையென்றால் மின்தடையை அளக்கலாம். பிளக்கையும் டிரெய்லர் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, டிரெய்லர் பிளக்கின் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே அளங்கள். ஒரு காந்தம் 3 முதல் 4 ஓம். எல்லாம் பக்க இணைப்பில் இருப்பதால் இரண்டு காந்தங்களுக்கு 1.5 முதல் 2, நான்குக்கு 0.75 முதல் 1 ஓம் வரும். இவ்வளவு சிறிய எண்ணில் மீட்டர் வயரின் மின்தடையே பெரிய பிழை ஆகிவிடும். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் எண்ணை முதலில் குறித்து, பிறகு கழித்துக்கொள்ளுங்கள்.

டிரம்மைத் திறந்துவிட்டால் இன்னொன்றும் பாருங்கள். காந்தத்தின் வயருக்கும் அதன் உலோக உடலுக்கும் நடுவே மின்தொடர்பு இருக்கவே கூடாது. இருந்தால் உள்ளே சுருள் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. காந்தத்தின் முகம் ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ஓர் ஆக்சிலின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுக்கும்.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் பலமே இல்லை. கன்ட்ரோலரை மாற்றலாமா?

பொறுங்கள். முதலில் மின்னோட்டத்தை முன் பதிலில் சொன்னபடி அளங்கள். அது குறைவாக இருந்தால் வோல்ட் இழப்பைத் தேட வேண்டும். கைப்பிடியை முழுதும் தள்ளிய நிலையில், வண்டிப் பேட்டரியின் வோல்ட்டையும், கடைசிச் சக்கரத்தின் காந்த வயர்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள வோல்ட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காணாமல் போயிருந்தால், அது நேர்வயரிலா எர்த்திலா என்று பிரித்துப் பாருங்கள். பிளக்கின் வெள்ளைப் பின்னுக்கும் காந்தத்தின் எர்த் வயருக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இழப்பு எர்த்தில்.

வயரின் தடிமன் மிக முக்கியம். அதைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய வயர் தடிமனாகும். 12 ஆம்பியர் பாயும்போது 10 மீட்டர் நீளமுள்ள 12 கேஜ் வயரில் சுமார் 0.6 வோல்ட் இழப்பாகும். அதே நீளத்தில் 16 கேஜ் என்றால் சுமார் 1.6 வோல்ட். திரும்பிவரும் எர்த் வயரும் மெல்லியதாக இருந்தால் இழப்பு இரட்டிப்பு. விளக்குகளுக்குப் போதுமான வயரைப் பிரேக்குக்கும் போட்டுவிட்ட டிரெய்லர்கள் ஏராளம். 12 கேஜைவிட மெல்லிய வயர் வேண்டாம்; நீண்ட டிரெய்லர்களுக்கு 10 கேஜ் போடுங்கள்.

மின்னோட்டம் சரியாக இருந்தும் பலமில்லை என்றால் கோளாறு இயந்திரப் பகுதியில். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பின்தட்டின் துளை வழியாக நட்சத்திரத் திருகைச் சக்கரம் சுற்றவே கடினமாகும் வரை இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். புதிய ஷூ போட்டபின் சுமார் 300 கிலோமீட்டரில் ஒருமுறை, பிறகு 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பேரிங் கிரீஸ் கசிந்து ஷூவில் ஏறியிருந்தால் துடைத்துப் பயனில்லை. ஷூவையும் சீலையும் மாற்றுங்கள்.

கெயினை எவ்வளவில் வைப்பது?

எண் சொல்ல மாட்டேன். டிரெய்லரின் எடைக்கு எடை மாறும். ஆளில்லாத, சமதளமான, உலர்ந்த இடத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், மிதியைத் தொடாமல் கைப்பிடியை முழுதும் தள்ளுங்கள். டிரெய்லர் வண்டியைத் தெளிவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. பூட்டினால் குறையுங்கள், இழுப்பே இல்லையென்றால் கூட்டுங்கள். இரண்டு மூன்று முறை பிடித்து பிரேக் சற்றுச் சூடானபின் அமைப்பதே சரியான அளவு. சரக்கு ஏற்றினாலும் இறக்கினாலும் மறுபடி பாருங்கள். கெயினை உச்சத்தில் வைத்தும் பூட்டவே மறுக்கிறது என்றால் முன் கேள்வியின் பதிலுக்குத் திரும்புங்கள்.

கன்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டுகிறது, அல்லது ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது. எப்படித் தேடுவது?

பிளக்கைக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டால் டிரெய்லரில் தேடுங்கள். மிகவும் சந்தேகப்பட வேண்டிய இடம் ஆக்சில் குழாய். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகும் வயரைப் பல தயாரிப்பாளர்கள் ஆக்சிலின் உள்ளேயே விடுகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் அது உள்ளே ஆடி உரசி, நுழையும் விளிம்பில் தோல் உரிந்து இரும்பைத் தொடும். அந்த வயரை இரு முனையிலும் துண்டித்துப் பாருங்கள். ஷார்ட் மறைந்தால் புதிய வயரை ஆக்சிலுக்கு வெளியே, உறைக் குழாய் போட்டு, கட்டிக் கொண்டுபோங்கள். பழைய வழியிலேயே மறுபடி இழுத்தால் அதே கோளாறு திரும்பும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருக்க வேண்டாம். விளக்கு வயர்களில் ஷார்ட் என்றால், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் நமது 55 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அது பளிச்சென்று எரியும். மின்னோட்டம் பல்பின் அளவைத் தாண்டாது. பிறகு வயரை அங்கங்கே அசைத்தும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தும் வாருங்கள். பல்பு சட்டென்று மங்கும் இடமே ஷார்ட் இருக்கும் இடம். பிரேக் வயரில் இந்த முறை அவ்வளவு தெளிவாக இராது. காந்தங்களே பல்பை எரியவைக்கும். முதலில் அவற்றைத் துண்டித்துவிடுங்கள்.

ஓடும்போது மட்டும் "டிரெய்லர் துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது. நிறுத்திப் பார்த்தால் எல்லாம் சரி.

முதலில் பிளக்கைப் பாருங்கள். வண்டிச் சாக்கெட்டின் மூடியில் ஒரு கொக்கி உண்டு. அது பிளக்கின் மேட்டைப் பிடித்து வெளியே நழுவாமல் காக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ கொக்கி உடைந்தாலோ பிளக் மெல்ல நழுவும். பின்களில் பச்சைக் களிம்பு இருந்தால் துடைத்து, மின் இணைப்புகளுக்கான கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். குழைத்து அடைக்க வேண்டாம். திருப்பங்களில் மட்டும் வருகிறதென்றால் வயரின் நீளம் போதாமல் இழுபடுகிறது.

அதுவும் இல்லையென்றால் சக்கரங்களுக்கு அருகே உள்ள ஒட்டுகளையும் ஆக்சில் குழாய் வயரையும் பாருங்கள். ஒருவர் கைப்பிடியைத் தள்ளிப் பிடிக்க, மற்றவர் கிளாம்ப் மீட்டரைப் பார்த்துக்கொண்டே வயர்களை அசைத்தால் எண் குதிக்கும் இடம் அகப்படும். வயரின் தோலைக் கடித்துப் பிடிக்கும் விரைவு ஒட்டுகளை வெளியில் எங்கும் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் புகுந்து உள்ளுக்குள் அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அழுத்தி இணைத்து, பசையோடு சூட்டில் சுருங்கும் உறை போட்ட ஒட்டே நிலைக்கும்.

மிதிக்காமலே டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்கிறது. டிரம் கொதிக்கிறது.

ஓட்டுவதை நிறுத்திவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, முன்னோக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றியதும் சக்கரம் விடுபட்டால் மின்சாரம் வண்டியிலிருந்து வருகிறது: கன்ட்ரோலர், அல்லது சாக்கெட்டுக்குள் ஈரத்தால் 12 வோல்ட் பின்னும் பிரேக் பின்னும் தொடர்புகொண்டிருப்பது. பிளக்கைக் கழற்றியும் விடவில்லை என்றால் டிரெய்லர் பேட்டரியைத் துண்டியுங்கள். இப்போது விட்டால் பிரேக்அவே சுவிட்ச் (டிரெய்லர் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கவைப்பது) உள்ளே அரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது இணைப்புப் பெட்டியில் கறுப்பும் நீலமும் தொடுகின்றன. இரண்டையும் துண்டித்தபின்னும் பிடித்தே இருந்தால் மின்சாரத்துக்கு இதில் பங்கில்லை. ஷூ மிக இறுக்கமாக அமைக்கப்பட்டிருக்கிறது, திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் போய்விட்டது, அல்லது பேரிங் கெட்டுவிட்டது.

ஹேசர்ட் விளக்கைப் போட்டால் டிரெய்லர் பிரேக் துடிக்கிறது. இது எப்படி?

கன்ட்ரோலரின் சிவப்பு வயரை யாரோ தவறான இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். முதல் பதிலில் சொன்னபடி, பின்புறம் போகும் வயரில் பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் கலந்தே வருகின்றன. சிவப்பு வயரை அதில் ஒட்டினால் ஒவ்வொரு மினுக்கலையும் கன்ட்ரோலர் மிதியின் அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். மிதியின் மேலே உள்ள சுவிட்சில், அழுத்தினால் மட்டும் மின்சாரம் வரும் முனையில் ஒட்டுவதே சரி. சில பழைய வண்டிகளில் ஹேசர்ட் மின்சாரம் அந்த முனைக்கும் பின்னோக்கி வரும். கன்ட்ரோலர் தயாரிப்பாளரின் கையேட்டில் அந்த மாடலுக்கு வேறு இடம் சொல்லப்பட்டிருக்கும்.

எல்.இ.டி. விளக்குக்கு மாற்றினேன். இப்போது நிற்காமல் மெல்ல மினுக்குகிறது.

புதிய வண்டிகள் டிரெய்லர் இருக்கிறதா என்று அறிய வயரில் அடிக்கடி சிறு துடிப்பை அனுப்பிப் பார்க்கும். பழைய பல்பில் அது தெரியாது, எல்.இ.டி. அதற்கும் ஒளிரும். எல்.இ.டி. எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் டிரெய்லரே இல்லை என்று வண்டி முடிவுகட்டுவதும் உண்டு. எர்த் சரியாக இருப்பதை உறுதிசெய்தபின், இதற்கென்றே விற்கும் சுமை மின்தடையை அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே பொருத்தலாம். அது சூடாகும், பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உலோகத்தில் திருகுங்கள்.

எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டிரெய்லர் பேட்டரி சார்ஜ் ஆவதில்லை.

12 வோல்ட் பின்னில் இன்ஜின் ஓடும்போது பல்பு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, டிரெய்லர் சார்ஜுக்கான ஃபியூஸும் ரிலேயும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சில வண்டிகள் அவை பொருத்தப்படாமலே விற்பனைக்கு வருகின்றன. எரிந்தால், டிரெய்லர் பேட்டரி அருகே உள்ள சர்க்யூட் பிரேக்கரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகவே சார்ஜ் ஏறினால் நீண்ட வயரில் ஏற்படும் வோல்ட் இழப்புதான் காரணம். பெரிய பேட்டரிகளை இந்த ஒரு வயரால் நிரப்ப முடியாது; டிரெய்லர் பேட்டரியின் அருகில், குறைந்து வரும் வோல்ட்டைத் தேவையான அளவுக்கு உயர்த்தித் தரும் டி.சி. - டி.சி. சார்ஜர் வைக்க வேண்டியிருக்கும். மறுபுறம், சில வண்டிகளில் இந்தப் பின் சாவியை எடுத்தபின்னும் உயிரோடு இருக்கும். இரவு முழுதும் பிளக்கை மாட்டியே வைத்தால் காலையில் வண்டிப் பேட்டரி காலி.

பிரேக்அவே சுவிட்சைச் சோதிப்பது எப்படி? அதை நிறுத்து பிரேக்காக (பார்க்கிங் பிரேக்காக) பயன்படுத்தலாமா?

டிரெய்லர் கழன்றுவிட்டால் கம்பி இழுபட்டு ஊசி வெளியே வந்து, டிரெய்லர் பேட்டரியே பிரேக்கை முழுதும் பிடிக்கவைக்கும். சோதிக்குமுன் ஏழு பின் பிளக்கைக் கட்டாயம் கழற்றுங்கள். இல்லையென்றால் அந்த மின்சாரம் நீல வயர் வழியாகப் பின்னோக்கிப் போய்க் கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். ஊசியை இழுத்து, மெல்லத் தள்ளியோ தூக்கிய சக்கரத்தைச் சுற்றியோ பிடிக்கிறதா என்று பார்த்து, உடனே ஊசியைத் திருப்பிச் செருகுங்கள். அதை நிறுத்து பிரேக்காகப் பயன்படுத்தினால் காந்தங்கள் சூடேறிப் பேட்டரியும் தீர்ந்துவிடும்.

பிரேக் கட்டாயமான டிரெய்லர்களில் இது குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சியின் வணிக வாகன விதி சொல்கிறது. நான்கு காந்தங்களுக்கு அது 3 ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் உள்ள சிறிய பேட்டரிக்கே போதும். ஆண்டுக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்த பேட்டரிக்கு முடியாது. கம்பியின் மறுமுனையை வண்டிச் சட்டத்தில் மாட்டுங்கள். உருண்டை பொருத்திய தண்டிலோ பாதுகாப்புச் சங்கிலியிலோ மாட்டினால், அவற்றோடு சேர்ந்து கம்பியும் போய்விடும். ஊசி வெளியே வராது.

என் டிரெய்லரில் டிஸ்க் பிரேக். மேலே சொன்ன எண்கள் பொருந்துமா?

காந்தம் பற்றிய எண்கள் பொருந்தா. நீல வயர் அங்கே ஹைட்ராலிக் பம்புக்குக் கட்டளையை மட்டும் கொண்டுபோகிறது. பம்புக்கான பெருமின்சாரம் டிரெய்லர் பேட்டரியிலிருந்து வருகிறது. ஆகவே அந்தப் பேட்டரி பலவீனமாக இருந்தால் பிரேக்கும் பலவீனம். கன்ட்ரோலரில் அதற்கென்று தனி அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எர்த், வோல்ட் இழப்பு, களிம்பு பற்றிச் சொன்னவை அப்படியே பொருந்தும்.

வழியில் பிரேக் போய்விட்டது. மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு சேரலாமா?

பாரம் ஏற்றிய டிரெய்லரோடு கூடாது. வேகத்தைக் குறைத்தாலும், இறக்கத்தில் அந்த எடை முழுதும் வண்டியின் பிரேக்கின் மேல்தான் விழும். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, கட்டை வைத்து, இந்த வரிசையில் பாருங்கள்: பிளக் முழுதும் உள்ளே இருக்கிறதா, பின்களில் ஈரமோ களிம்போ உண்டா, கன்ட்ரோலரின் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா, டிரெய்லருக்கு அடியில் ஏதாவது வயர் அறுந்து தொங்குகிறதா, வெள்ளை வயரின் திருகு இறுக்கமாக உள்ளதா. நின்ற இடத்தில் திறக்கக்கூடியவை இவைதான்.

அறுந்த வயரை ஒட்டிச் சரிசெய்தால், புறப்படுமுன் அங்கேயே குறைந்த வேகத்தில் கைப்பிடியைத் தள்ளி, டிரெய்லர் இழுப்பதை உணர்ந்தபின் மட்டும் சாலையில் ஏறுங்கள். இழுப்பு இல்லையென்றால் டிரெய்லரை அங்கே விட்டுவிட்டு உதவியை அழையுங்கள்.